பெட்டியைத் திறக்காமல் போட்ட கையெழுத்து

ஜக்கையன் எந்தப் பொருளையும் முதலில் காதால்தான் பார்ப்பார். தேங்காயை ஆட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அவர் தீப்பெட்டியையும் ஆட்டுவார். கடலை மூட்டையைத் தட்டுவார். புது வேட்டியை உதறி அது எழுப்பும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

பழக்கம் மலையில் வந்தது. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து ஸ்டோரில் பதினோரு வருஷம் தீ போட்டவர் அவர். அந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் கட்டடம். பச்சை ஏலக்காயைக் கம்பித் தட்டுகளில் பரப்பி அடுக்குவார்கள். வெளியே பெரிய அடுப்பு எரியும். சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே போகும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை நிறம் போய் வெளுக்கும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்க வேண்டும். காய்ந்த காய்க்குள் விதை கலகலக்கும். ஈரம் நின்ற காய் ஊமை. ஜக்கையன் குலுக்கி, "இறக்கு" என்றால் இறக்கலாம். அவர் காது தவறியதாக மலையில் யாரும் சொன்னதில்லை.

அது தவறியது கீழே, போடியில், 1958-ஆம் வருஷம்.

அவர் சிலமலைக்காரர். எட்டாம் வகுப்பு வரை படித்தார். தகப்பனார் விட்டுப்போன நிலம் மூன்று மகன்களுக்குக் காணாது என்று தெரிந்ததும் மூத்தவரான இவர் மலையேறினார். ஸ்டோர் அடுப்பின் புகைக்கு வெளியே போக வழி உண்டு. ஆனாலும் குழாய் மூட்டுகளில் கசியும், காற்று திரும்பினால் உள்ளேயே சுற்றும். எட்டாவது வருஷம் இருமல் வந்தது. பதினோராவது வருஷம் இருமலில் ரத்தம் வந்தது. இன்னும் இரண்டு பருவம் அந்தப் புகையில் நின்றால் மூன்றாவது பருவம் இருக்காது என்று போடியில் மருத்துவர் சொல்லிவிட்டார். மனைவி கருத்தம்மா அதன்பின் அவரை மலைக்கு விடவில்லை.

தோட்டத்து முதலாளி இரக்கமற்றவர் அல்லர். அவரும் வேறு சில ஏலக்காய் வியாபாரிகளும் சேர்ந்து ஊரில் ஒரு சிறு கல்லூரி தொடங்கியிருந்தார்கள். அவர்தான் செக்ரட்டரி. நூலகத்தில் ஏவலாள் வேலை ஒன்று தற்காலிகமாக இருந்தது. அதில் ஜக்கையனை அமர்த்தினார்.

நூலகம் என்றால் ஓர் அறை, நான்கு அலமாரி. புத்தகங்களில் பெரும்பாலும் ஊரார் நன்கொடை. பழைய பஞ்சாங்கங்கள் இருந்தன. யாரோ ஒரு வக்கீல் இறந்தபின் அவர் வீட்டில் இடம் அடைத்த சட்டப் புத்தகங்கள் வந்து சேர்ந்திருந்தன. சரித்திரப் பாடத்துக்கென்று தேடினால் பதினான்கு புத்தகம் தேறும். ஜக்கையன் அவற்றைத் துடைத்தார், அடுக்கினார். மத்தியானத்தில் ஆள் வராத நேரத்தில் ஒவ்வொன்றாகப் படித்தார். விரலை வரிக்குக் கீழே ஓட்டிப் படிப்பது அவர் வழக்கம். தமிழ் ஓடும். ஆங்கிலம் நடக்கும்.

1957-இல் டில்லியிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவின் சுற்றறிக்கை ஒன்று வந்தது. சரித்திரம், தத்துவம், பொருளாதாரம், இலக்கியம் போன்ற கலைப்பாடங்களுக்குக் கல்லூரி நூலகங்கள் புத்தகம் வாங்க மானியம் உண்டு. முதல் தவணையில் வாங்கிய புத்தகங்களை ஓர் ஆய்வாளர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால்தான் இரண்டாம் தவணை.

ஆசிரியர்கள் பட்டியல் போட்டார்கள். நகல் எடுத்தவர் ஜக்கையன். ஏலக்காய் மூட்டைகளில் தோட்டத்தின் பெயரை மை தொட்டு எழுதிய கை; எழுத்து மணியாக இருக்கும். மூன்று நகல், நானூற்றுச் சொச்சம் தலைப்புகள். எழுதும்போது ஒரு தலைப்பில் அவர் கை நின்றது. பழங்காலத்துக் கடல் வாணிபம் பற்றிய புத்தகம். மிளகும் ஏலமும் எந்தத் துறைமுகங்களுக்குப் போயின என்று படங்களோடு இருக்கும் என்றார் சரித்திர ஆசிரியர். பதினோரு வருஷம் காயை உலர்த்தி மூட்டை கட்டிக் கீழே அனுப்பியவர் ஜக்கையன். கீழே என்றால் போடி. போடிக்கு அப்பால் அது எங்கே போகிறது, யார் வாயில் விழுகிறது என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது.

இன்னொன்றும் இருந்தது. மானியம் முழுதாக வந்தால் நூலகத்துக்கு நிரந்தரமாக ஓர் உதவியாளர் உண்டு, அது உனக்குத்தான் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். வராவிட்டால் தற்காலிக வேலையும் மார்ச்சோடு சரி. அப்புறம் அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அது மலையில் இருந்தது.

1958 அக்டோபரில் புத்தகங்கள் வந்தன. ஐந்து மரப்பெட்டிகள், மதுரையிலிருந்து லாரியில். அன்று மழை விட்டு விட்டுப் பெய்தது. லாரிக்காரர் சீனிச்சாமி அவசரத்தில் இருந்தார். ரசீதில் 'சரக்கை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே கையெழுத்து வேண்டும். திறந்து பார்த்துவிட்டுப் போடலாமா என்று ஜக்கையன் பிரின்சிபாலைக் கேட்டார். பிரின்சிபால் செக்ரட்டரியைக் கேட்டார். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார் செக்ரட்டரி. இன்னும் எட்டு நாளில் சரஸ்வதி பூஜை. புதுப் பெட்டிகளை அப்படியே பூஜையில் வைத்து, மறுநாள் விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் திறப்போம்.

யாருக்கும் இதில் தவறு தெரியவில்லை. முதல் புத்தகங்கள். இதைவிட நல்ல நாள் ஏது?

ஜக்கையன் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார். மேலே காய்ந்த வைக்கோலின் சத்தம் கேட்டது. மூலையில் மூக்கை வைத்தார். பலகை வாசனை. சரி என்று கையெழுத்துப் போட்டார். ஏலக்காய் மூட்டையில் ஈரம் இருந்தால் மூட்டை முழுக்கப் பரவிவிடும். எங்கே தட்டினாலும் தெரியும். பெட்டியில் அடுக்கிய புத்தகம் அப்படி அல்ல. தண்ணீர் அடியில் நின்றால் அடியிலேயே நிற்கும், மெதுவாகத்தான் மேலே ஏறும். இரண்டு பெட்டிகள் வழியில் எங்கோ அடி நனைந்து வந்திருந்தன. எங்கே என்று கடைசிவரை தெரியவில்லை.

எட்டு நாள் அவை கல் தரையில் மூடிக் கிடந்தன. ஒன்பதாம் நாள் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். விஜயதசமி அன்று முதல் பெட்டியைத் திறந்தார்கள், நன்றாக இருந்தது. இனிப்பு கொடுத்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். செக்ரட்டரியும் போய்விட்டார். மற்ற நான்கையும் ஜக்கையன் தனியாகத் திறந்தார். நான்காவது பெட்டியின் மூடி எழும்பியதும் புழுங்கிய வாடை வந்தது.

நூற்று நாற்பது புத்தகங்கள் நனைந்திருந்தன. சிலவற்றின் அட்டையில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. கடல் வாணிபப் புத்தகம் ஐந்தாவது பெட்டியில், ஆக அடியில் இருந்தது.

பிரின்சிபால் வந்து பார்த்தார். ஆய்வாளர் வர இரண்டு வாரம்கூட இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிய சரக்கைத் திருப்பிக் கேட்க முடியாது. வெயிலில் போடலாம் என்றால் வெயில் இல்லை. வானம் மூன்று நாளாக வராந்தா உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: செக்ரட்டரி காதுக்குப் போவதற்குள் இதற்கு ஒரு வழி செய்.

ஜக்கையனுக்கு ஒரு வழிதான் தெரியும்.

வீட்டில் சொன்னபோது கருத்தம்மா அடுப்படியில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளு?"

"ரெண்டு."

"ரெண்டு நாளு பொகைய உள்ள வாங்குனா, அத வெளிய விட எத்தனை நாளாகும்னு டாக்டர்ட்ட கேட்டீகளா?"

"வேலை போயிருச்சுன்னா வருசம் பூராவும் அங்கதான நிக்கணும்" என்றார் அவர். கருத்தம்மா எழுந்தார். கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தார். ஒரு போர்வையும் கொடுத்தார்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் புத்தகங்கள் சாக்குகளில் போயின. காயெடுக்கப் போகும் பெண்கள் கால் வைக்க இடமில்லாமல் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்தார்கள். பாண்டியம்மாள் என்பவருக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, இதுல எந்தச் சாக்கு மேல ஒக்காந்தா எனக்குப் படிப்பு ஏறும்?"

"எது மேலயும் ஒக்காராத ஆத்தா. நனைஞ்சு போனது."

"நனைஞ்ச படிப்பா? அதான் ஒங்க காலேசுப் பயலுக அம்புட்டுப் பேரும் மூக்க உறிஞ்சிக்கிட்டுத் திரியிறானுக."

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. ஜக்கையனும் சிரித்தார். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. நெஞ்சு அதற்குள்ளேயே இறுகத் தொடங்கியிருந்தது.

ஸ்டோரில் இப்போது தீ போடுபவர் மொக்கையன். ஜக்கையனிடம் தொழில் கற்றவர், வயதில் ஏறக்குறைய ஒத்தவர். சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"காயிதத்துக்குத் தீ போடுறதா? மாப்ளே, வெளிய சொன்னா என்னையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிப்பாக."

பருவம் உச்சத்தில் இருந்தது. உலர்ந்த ஓர் ஈடு இறங்கி அடுத்த பச்சைக் காய் வந்து சேர முப்பது மணி நேரம் இடைவெளி. அதைத் தருவதாகச் சொன்னார் மொக்கையன். ஸ்டோர் செக்ரட்டரியின் சொந்த ஸ்டோர். தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும். அதை அவர் சொல்லவில்லை, ஜக்கையனும் கேட்கவில்லை.

ஏலக்காய்க்கு முதல் சூடு எவ்வளவு என்றால், தட்டுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்து எட்டு எண்ணுவதற்குள் எடுத்துவிடத் தோன்ற வேண்டும். புத்தகத்துக்கு அது ஆகாது. மேல்தாள் சுருண்டு உள்தாள் ஈரமாகவே நிற்கும். இருபது எண்ணும்வரை கை தாங்குகிற சூடு போதும் என்று ஜக்கையன் முடிவு செய்தார். மேல் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்தார், ஈரக்காற்று வெளியேற. புத்தகங்களைப் படுக்க வைக்காமல் தட்டுகளில் நிற்க வைத்து விசிறி போலப் பிரித்தார். மணிக்கு ஒரு முறை உள்ளே போய் ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தார். மொக்கையன் விறகு தள்ளுவார். கொஞ்சம் அதிகம் தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து குரல் வரும்: "மதி, மதி." போதும் என்பதற்கு மலையில் அந்தச் சொல்தான்.

இரண்டு பகல், இடையில் ஓர் இரவு. ஜக்கையன் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போவார், இருமிக்கொண்டு வெளியே வருவார். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு புத்தகத்தை எடுத்துக் காதருகே வைத்துத் தாள்களைக் கட்டைவிரலால் ஓட்டினார். சடசடவென்று பேசியது. "இறக்கு" என்றார்.

நூற்றுப் பதினேழு புத்தகங்கள் அப்படிப் பேசின. கொஞ்சம் உப்பியிருந்தன, ஓரத்தில் பழுப்புக் கறை இருந்தது, படிக்கத் தடையில்லை. இருபத்து மூன்று பேசவில்லை. அவை பலகையாகிவிட்டிருந்தன.

படங்களை அச்சிடுகிற வழவழப்பான தாளின் மேல் ஒரு பூச்சு உண்டு. வெள்ளைக் களிமண்ணும் பசையும் சேர்ந்தது. நனைந்தால் பசை இளகும். அந்த நிலையில் இரண்டு தாள்கள் ஒட்டிக் காய்ந்தால் இரண்டு பூச்சும் ஒன்றாகிவிடும். காயும் முன்பே இடையிடையே வேறு தாள் செருகியிருக்க வேண்டும். ஜக்கையனுக்கு இது தெரிய வழியில்லை. தீயைக் குறைத்ததில் தவறில்லை, நேரத்தில் தவறில்லை. பொருள்தான் அவருக்குப் பழக்கமில்லாத பொருள்.

இருபத்து மூன்றில் கடல் வாணிபமும் ஒன்று. அவர் அதைக் காதருகே வைத்தார். பிறகு நெற்றியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். மொக்கையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிரின்சிபால் அந்த இருபத்து மூன்றையும் கண்ணாடி அலமாரியில் வைக்கச் சொன்னார். முதுகு வெளியே தெரிய வரிசையாக நின்றபோது அவை மற்ற புத்தகங்களைவிட அழகாகவே இருந்தன. பூட்டிச் சாவியை ஜக்கையனிடம் கொடுத்தார். கேட்டால், சாவி சரித்திர ஆசிரியரிடம், அவர் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அந்த ஆசிரியரை உண்மையாகவே லீவில் அனுப்பினார். பொய்யாக இருக்கக் கூடாது என்று நினைத்தார் போல.

ஆய்வாளர் சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். மெலிந்தவர், கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். அதிகம் பேசாதவர். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாக நின்றார். ஒரு புத்தகத்தை எடுத்தார், விரித்தார், முகர்ந்தார். இது என்ன வாசனை என்று கேட்டார். இந்த ஊரில் எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசனைதான் என்று பிரின்சிபால் சிரித்தார். பேராசிரியரும் லேசாகச் சிரித்தார். பிறகு பட்டியலில் விரல் வைத்து, கடல் வாணிபப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அதன் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாராம், பார்த்ததில்லையாம்.

பிரின்சிபால் சாவியின் கதையைச் சொன்னார்.

ஜக்கையன் கதவோரம் நின்றார். சாவி இடுப்பில், அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். பேராசிரியர் மாலை வண்டிக்குப் போய்விடுவார். இரண்டாம் தவணை வரும், உதவியாளர் வேலை வரும், நெஞ்சு பிழைக்கும். திறந்தால் மார்ச்சில் மலை. கணக்கு அவ்வளவு எளிது.

அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது ஏலக்காய்தான். வியாபாரி சரக்கில் மாதிரி எடுத்துப் பார்க்க வரும்போது மூட்டையின் நடுவில் கையை விடுவார். அந்த இடத்தில் எடுக்காதீர்கள் என்று ஸ்டோர்க்காரன் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த மூட்டை மட்டும் கெட்டதாகாது. அந்தத் தோட்டத்தின் பெயர் எழுதிய எந்த மூட்டையையும் அந்த வருஷம் யாரும் நம்ப மாட்டார்கள். நல்ல காயும் சேர்ந்து கெட்டுப்போகும். நூற்றுப் பதினேழு நல்ல காய் இந்த அறையில் இருந்தது. புகைக்குள் நின்று காய வைத்தது.

"சாவி எங்கிட்ட இருக்குங்கய்யா" என்றார்.

பிரின்சிபால் அவரைப் பார்த்த பார்வையை ஜக்கையன் பிற்பாடு யாரிடமும் விவரித்ததில்லை. அலமாரியைத் திறந்தார். புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது தொறக்காதுங்கய்யா. இந்த மாதிரி இருவத்தி மூணு இருக்கு. நனைஞ்சதைப் பாக்காம வாங்குனவன் நான். காய வச்சதும் நான்தான்."

பேராசிரியர் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கட்டையாக இருந்தது. நகத்தை ஓரத்தில் வைத்தார், எடுத்துவிட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை நனைந்தது, எங்கே உலர்த்தினீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு. சூட்டுக்கு ஜக்கையன் இருபது எண்ணிக் காட்டினார். பேராசிரியர் எண்ணி முடியும்வரை காத்திருந்தார். நனைந்தவற்றில் பத்துப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்துப் பார்த்தார். குறித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பாராட்டாகவோ கண்டனமாகவோ சொல்லவில்லை. மாலை வண்டிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை செக்ரட்டரி வந்தார். கல்லூரி தொடங்கியதிலிருந்து அவர் நூலக அறைக்குள் வந்தது அதுதான் இரண்டாம் தடவை. பிரின்சிபால் முந்தின நாள் மாலையே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ஜக்கையன் எழுந்து நின்றார். நெஞ்சு அடைத்து இருமல் வந்தது. செக்ரட்டரி இருமல் முடியும்வரை காத்திருந்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, காதருகே கொண்டுபோய்க் கட்டைவிரலால் தாள்களை ஓட்டினார். இன்னொன்றை எடுத்தார். அதையும் ஓட்டினார்.

"எத்தனை மணி நேரம்?"

"முப்பதுங்க மொதலாளி."

"நம்ம ஸ்டோர்லயா?"

"ஆமாங்க."

"மொக்கையனா தீ போட்டான்?"

"இல்லைங்க. நான்தான் போட்டேன். அவன் வெறகு எடுத்துக் குடுத்தான்."

"காய்ச்சல் பதம் சரியாத்தான் இருக்கு" என்றார் செக்ரட்டரி. புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். "பூசை வரைக்கும் தொறக்க வேணாம்னு சொன்னது நான். அதையும் அந்த மனுசர்ட்ட சொன்னியா?"

"இல்லைங்க."

"ஏன் சொல்லலை?"

"அவரு கேக்கலைங்க."

செக்ரட்டரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே மழை மறுபடி தொடங்கியிருந்தது. போகும்போது வாசலில் திரும்பினார்.

"நீ மலைக்குப் போக வேணாம். இங்கயே இரு. ஆனா அந்த ஒதவியாளர் வேலை ஒனக்கு இல்லை. பிரின்சிபாலு மொகத்துல நான் முழிக்கணும்ல."

ஜக்கையன் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது கருத்தம்மா இரண்டாம் பாதியைக் காதிலேயே வாங்கவில்லை.

ஜனவரியில் டில்லிக் கடிதம் வந்தது. இரண்டாம் தவணை உண்டு. கெட்டுப்போன இருபத்து மூன்றையும் கல்லூரி தன் செலவில் திரும்ப வாங்க வேண்டும். பயிற்சி பெற்ற நூலகர் ஒருவரை அமர்த்த வேண்டும். அப்படி வந்தவர் சந்திரவல்லி, மதுரையில் வளர்ந்து சென்னையில் நூலகப் படிப்புப் படித்தவர். ஜக்கையனைவிடப் பதினைந்து வயது சிறியவர். அவர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, ஒட்டிப்போன புத்தகங்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. எரிக்கச் சொல்லியிருந்தார்கள். ஜக்கையன் ஒன்றை மட்டும் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றார் சந்திரவல்லி.

அன்றிலிருந்து அவர் வீட்டுச் சோற்றுப் பானைக்கு இரண்டு வேலை. உலை கொதித்து ஆவி வரும்போது ஜக்கையன் புத்தகத்தின் ஒரு மூலையை அதில் காட்டுவார். தாள் இளகும்போது பனங்குச்சியை மெல்லச் செருகுவார். ஒரு தடவைக்கு ஒரு விரல் அகலம்.

"இப்பச் சோறு வேகுதா, பொஸ்தகம் வேகுதா?" என்பார் கருத்தம்மா.

ஒரு மாதம் கழித்து முதல் படம் பிரிந்தது. முழுதாக அல்ல; பாதி எதிர்த் தாளோடு போய்விட்டது. மிச்சத்தில் ஒரு துறைமுகம் இருந்தது. பாய்மரம் ஒன்று, கரையில் சில ஆட்கள், அவர்கள் தோளில் மூட்டைகள். ஜக்கையன் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். கருத்தம்மாவும் வந்து பார்த்தார்.

"மூட்டை தெரியுது" என்றார் ஜக்கையன். "உள்ள என்னான்னுதான் தெரியலை."

"ஆட்டிப் பாருங்க" என்றார் கருத்தம்மா.

அந்தப் புத்தகத்தில் படங்கள் மொத்தம் நாற்பத்தெட்டு. அவர் காலத்தில் பிரிந்தவை பதினொன்று. பூச்சு ஒன்றான தாள் ஆவிக்குப் பிரியாது, பிரிவதெல்லாம் சரியாக ஒட்டாத இடங்கள்தான் என்று பின்னாளில் அவர் குடும்பத்தில் படித்த பிள்ளை ஒன்று சொன்னது. அவர் தலையாட்டினார். அடுத்த நாளும் பானையருகே உட்கார்ந்தார். அந்தப் பிள்ளை அதை அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். கடைசியில் நெஞ்சுதான் அவரைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் முதுகில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஜக்கையன் மெதுவாகத் திரும்பிக் கேட்டது ஒன்றுதான்: "என்ன சத்தம் வருதுங்க?"

அதெல்லாம் பிந்திய கதை. 1959-இல் அவர் நன்றாகத்தான் இருந்தார்.

அந்த வருஷம் இரண்டாம் தவணைப் புத்தகங்கள் வந்ததும் அக்டோபரில்தான், சரஸ்வதி பூஜைக்கு நாலு நாள் முன்பு. அதே சீனிச்சாமி, அதே லாரி, ஆறு பெட்டிகள். ரசீதை நீட்டினார். ஜக்கையன் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கடப்பாரையை எடுத்துவந்தார். சீனிச்சாமிக்குக் கோபம் வந்தது. இன்னும் கம்பத்துக்கு லோடு இருக்கிறது, எல்லா ஊரிலும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்றார்.

"ஒக்காருங்கண்ணே, டீ வரும்" என்றார் ஜக்கையன்.

இரண்டு டீ வந்தது. ஆறு பெட்டிகளையும் திறந்து, அடி வரைக்கும் கையை விட்டு, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வெளியே வைத்தார். ஒவ்வொன்றையும் காதருகே கொண்டுபோனார். ஆனால் அதோடு நிறுத்தாமல் விரித்தும் பார்த்தார். சந்திரவல்லி பட்டியலில் குறித்துக்கொண்டே வந்தார். நனைந்தது ஒன்றுமில்லை. திரும்ப வாங்கிய கடல் வாணிபமும் அதில் இருந்தது. ஜக்கையன் அதன் படங்களை அப்போது பார்க்கவில்லை. விரித்தார், மூடினார், அடுத்ததை எடுத்தார். எல்லாம் முடிந்தபின் ரசீதை எடுத்து, அச்சிட்ட வரிக்கு மேலே 'திறந்து பார்த்து' என்று தன் மணியான எழுத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். சீனிச்சாமி அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு லாரியை எடுத்தார்.

பூஜையன்று காலை செக்ரட்டரி வந்து பார்த்தார். புத்தகங்கள் எல்லாம் அலமாரியில் இருந்தன. பூஜைக்கு எதை வைப்பது என்று கேட்டார். இடம் போதாததால் அறை நடுவில் ஆறு பெட்டிகளும் காலியாகக் கிடந்தன. ஜக்கையன் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

செக்ரட்டரி பெட்டிகளைப் பார்த்தார். அவரையும் பார்த்தார். "சரி, இதுக்கே வை" என்றார்.

ஆறு காலிப் பெட்டிகளுக்கும் ஜக்கையன் வரிசையாகப் பொட்டு வைத்தார். வைக்கும்போது கடைசிப் பெட்டியை, பழக்கம் விடாமல், விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

நல்ல வெற்றுச் சத்தம் வந்தது.